இருட்டில் ஒரு ராபின்: கிங்ஸ்டன் நாட்குறிப்பு

ஜனவரி 16, வியாழன்

விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. ஊரில் அப்போது ஒன்பதரை. நான் லண்டனின் தென்மேற்கில் உள்ள கிங்ஸ்டனுக்கு வந்து இறங்கிவிட்டேன். உடம்பு இன்னும் கோவில்பட்டியில்தான் இருக்கிறது. மகள் வீட்டில் எல்லோரும் நல்ல தூக்கம். விளக்கைப் போட்டால் பேத்தி எழுந்துவிடுவாள் என்று இருட்டிலேயே சுவரைத் தடவிப் படியிறங்கி, முன்னறை ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே இரண்டு டிகிரி. தெருவில் ஈ காக்கை இல்லை. நம் ஊரென்றால் இந்நேரம் ஒரு நாயாவது குரைக்கும், ஒரு பால்காரராவது சைக்கிளில் போவார்.

அந்த இருட்டில் ஒரு பறவை பாடிக்கொண்டிருந்தது.

"கத்தியது" என்று எழுதக் கை வரவில்லை. தெருவிளக்கை ஒட்டிய மொட்டை மரத்திலிருந்து ஒரு மெல்லிய வரி வரும்; கண்ணாடி வளையல்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதுபோல் சலசலத்து இறங்கும். பிறகு நான்கைந்து வினாடி மௌனம். பிறகு இன்னொரு வரி, முதல் வரிக்குச் சம்பந்தமே இல்லாமல். கால் மணி நேரம் கேட்டேன். ஒரே வரி இரண்டாம் முறை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தபால் அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டு வேலை. முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தந்தி அனுப்பி வாங்கும் சிக்னலர் வேலையும் சேர்ந்தே இருந்தது. மோர்ஸ் கீயைத் தட்டுவது அதில் பாதி. எதிர்முனையிலிருந்து வரும் தட்டலைக் காதால் வாங்கி எழுதுவது மறுபாதி. தந்திச் சேவையை அரசு 2013 ஜூலையில் மூடியது. காதுக்கு மட்டும் யாரும் ஓய்வு உத்தரவு கொடுக்கவில்லை. கண்ணைப் பொறுத்தவரை, இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. வலது கண் இன்னும் வரிசையில் நிற்கிறது. ஆகவே இந்த முறை லண்டனைப் பெரும்பாலும் கேட்டுத்தான் எழுதப்போகிறேன்.

காலை எட்டு மணிக்குத்தான் வானம் வெளுத்தது. பத்து மணி வாக்கில் கூரைக்கு மேலே கீ… கீ… என்று ஒரு கூட்டம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளிதான். கழுத்தில் ஆரம் போட்ட அதே இனம். கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையுமாகப் பெருகி, இப்போது தென்மேற்கு லண்டனில் அவற்றின் ராஜ்யம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற கிதார் கலைஞர் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டதால் வந்த வினை என்று மருமகன் ஒரு கதை சொன்னார். ஆராய்ந்தவர்கள் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார்கள். எப்படி வந்திருந்தால் என்ன, இங்கே நான் கேட்ட முதல் தெரிந்த குரல் அது.

நான்கு மணிக்குப் பாடியது யார் என்பதுதான் புதிர். "நைட்டிங்கேலாக இருக்கும் மாமா" என்றார் மருமகன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜனவரி 17, வெள்ளி

நைட்டிங்கேல் இல்லை. அது இப்போது ஆப்பிரிக்காவில் வெயில் காய்கிறது. ஏப்ரலில்தான் இங்கே திரும்பும். இதைச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மாள். எண்பதை நெருங்குகிறவர். வேலிக்கு அந்தப் பக்கம், கம்பிவலைக் குழாய் ஒன்றில் நிலக்கடலையை நிரப்பித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பறவைகளுக்கு. இவ்வளவு நல்ல கடலையைப் பாகில் போடாமல் மரத்தில் மாட்டுவதைப் பார்க்கக் கோவில்பட்டிக்காரனுக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்தான்.

"குளிர்காலத்தில், ராத்திரியில், தெருவிளக்கடியில் பாடினால் அது ராபின். ஐம்பது வருடமாக இந்தத் தெருவில் புதிதாக வருகிற எல்லோரும் என்னிடம் நைட்டிங்கேல் என்றுதான் சொல்கிறார்கள்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அவர் காலடிக்கே ஒன்று வந்து உட்கார்ந்தது. நெஞ்சு செங்கல் நிறம், முதுகு மண் நிறம், குண்டு உடம்பு, குச்சிக் கால். நம் குண்டுகரிச்சானும் இதுவும் ஒரே குடும்பம் என்பதை நிற்கிற தோரணையிலேயே ஊகிக்கலாம். ஆனால் நம் குண்டுகரிச்சான் மார்கழி தையில் வாயைத் திறக்காது. கோடை தொடங்கினால்தான் மொட்டை மாடி ஆன்டெனாவில் ஏறிக் கச்சேரி வைக்கும். ராபின் அப்படி இல்லை. கோடைக் கடைசியில் இறகு உதிர்க்கும் சில வாரங்கள் தவிர ஆண்டு முழுக்கப் பாடுகிறது.

குளிரில் எதற்காகப் பாட வேண்டும்? ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் தனிக்குடித்தனம். தோட்டம் ஆளுக்கொன்று. அதில் இருக்கும் புழு பூச்சி அவரவருக்கு மட்டும். பட்டா நிலத்துக்கு வேலி போடுகிற வேலையைப் பாட்டு செய்கிறது, பெண்ணும் பாடுகிறது. 1930களில் டேவிட் லாக் என்ற பள்ளி ஆசிரியர் டெவன் மாவட்டத்து டார்டிங்டனில் ராபின்களின் காலில் நிற வளையம் மாட்டி, எது எங்கே வாழ்கிறது, யாரோடு சண்டை போடுகிறது என்று வருடக் கணக்கில் குறித்து வைத்தார். இன்று ராபினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

ராத்திரிப் பாட்டுக்கு விளக்கு வெளிச்சம் காரணம் என்றுதான் நானும் நினைத்தேன். ஷெஃபீல்டு நகரில் நடத்தி 2007இல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது: பகலில் எந்த இடத்தில் இரைச்சல் அதிகமோ அந்த இடத்து ராபின்தான் இரவில் பாடுகிறது. எனக்கு இது உடனே புரிந்தது. பகலில் லைன் நெரிசலாக இருந்தால் அவசரமில்லாத செய்திகளை நாங்களும் ராத்திரிக்குத்தான் தள்ளுவோம்.

இன்னொன்று. பின்தோட்டத்தில் பாடும் ராபினும் வாசல் ராபினும் வேறு வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பாடுவதை மத்தியானம் நடுக்கூடத்தில் நின்று இரண்டு காதாலும் கேட்டேன். எல்லை எங்கள் வீட்டுக் கூரை.

ஜனவரி 18, சனி

நேற்று ஒரு குறிப்பை இங்கே எழுதாமல் விட்டது நல்லதாகிவிட்டது. பின்தோட்டத்தில் ராபினோடு சேர்த்து, "ராபினே ஆவேசமாகப் பாடுவது" என்று ஒரு குறிப்பையும் வைத்திருந்தேன். அது ராபின் இல்லை, ரென். பழைய விறகுக் குவியலுக்குள்ளிருந்து எலிபோல் ஓடி வந்தது; வாலை நட்டுக்குத்தாகத் தூக்கியது; தன் உடம்பையே உதறிவிடும் வேகத்தில் ஐந்து வினாடி கொட்டியது; மறுபடி விறகுக்குள் போய்விட்டது. எடை சுமார் பத்து கிராம். ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய சாதாரணத் தபாலுக்கு நம் தபால் துறை அனுமதிக்கும் எடை 20 கிராம். அதாவது ஒரு உறைக்குள் இரண்டு ரென் போகும். பத்து கிராமுக்கு இப்படி ஒரு குரலா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டையும் பிரிக்கும் வழி சுலபம். ராபின் யோசித்து யோசித்துப் பேசும், நடுவில் நிறுத்தும். ரென் மூச்சே விடாது. பாட்டின் நடுவிலோ கடைசியிலோ தையல் மிஷின் ஓடுவதுபோல் ஒரு உருட்டு கட்டாயம் வரும். திட்டும்போதும் அப்படித்தான். ராபின் கோபத்தில் டிக்… டிக் டிக் என்று பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும். ரென் சரளைக் கல்லைத் தகரத்தில் கொட்டும்.

இங்கே தந்தி அலுவலகத்துச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் அடிப்பது அதே புள்ளி, அதே கோடு. ஆனாலும் எதிர்முனையில் இருப்பவர் பெயர் சொல்லாமலே நமக்கு ஆள் தெரியும். சாத்தூரில் ஒருவர் கோட்டை இழுப்பார். திருநெல்வேலியில் ஒருவர் இரண்டு எழுத்துக்கு நடுவே மூக்குப்பொடி போடுகிற அளவு இடைவெளி விடுவார். இதை நாங்கள் "கை" என்போம். "இன்றைக்கு லைனில் அவர் கை இல்லையே, லீவோ?" என்று கேட்டுக்கொள்வோம். பறவைக்கும் ராகத்தைத் தேடிப் பிரயோசனமில்லை, கையைத்தான் பிடிக்க வேண்டும் என்று படுகிறது. எங்கே நிறுத்துகிறது, எதைத் திரும்பச் சொல்கிறது, எப்படி முடிக்கிறது. இந்த மூன்றும் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரி.

அதற்கு ஜனவரியைவிட நல்ல மாதம் இல்லை என்கிறார் வேலி அம்மாள். மே மாதம் விடியற்காலையில் இருபது முப்பது குரல்கள் ஒரே நேரத்தில் எழும். புதியவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. இப்போது லைனில் நாலைந்து பேர்தான். மரத்தில் இலையும் இல்லை, ஆகையால் குரல் வந்த கிளையில் ஆளையும் பார்க்கலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

ரிச்மண்ட் பூங்கா. பூங்கா என்பது பெயருக்குத்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர் புல்வெளியும் கிழட்டு ஓக் மரங்களும் மான் கூட்டமும். பொந்து இருந்த மரங்களிலெல்லாம் பச்சைக்கிளி எட்டிப் பார்த்தது. அவை சீக்கிரமே இடம் பிடித்துவிடுவதால் மற்றப் பறவைகளுக்குப் பொந்து கிடைக்காது என்று மகளுக்கு ஒரு வருத்தம். வந்தேறிகள் பற்றி லண்டனில் நாம் அதிகம் பேச வேண்டாம் அம்மா என்றேன்.

ஓக் ஒன்றின் உச்சியில் ஒரு குரல், எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு சொல்லை எடுக்கும். மூன்று முறை சொல்லும். அடுத்த சொல், இரண்டு முறை. அடுத்தது; நான்கு முறை. தந்தியில் எண்கள் வந்தால் பிழை நேராதிருக்கத் திரும்ப அனுப்பி உறுதி செய்வோம். அதே பழக்கம். இது சாங் திரஷ். இதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். ஒரு ஊசியிலை மரத்தடியில் பேத்தி நின்றுவிட்டாள். "தாத்தா, இது யார்?" என்றாள். "எது?" என்றேன். "இதுதான், இப்போது பாடுகிறதே." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செவிட்டுத்தனமில்லை, தூரத்தில் போகும் விமானம் கேட்கிறது, அவள் ஜாக்கெட் உரசுவது கேட்கிறது. அந்தப் பறவை மட்டும் இல்லை. அவள் நடித்துக் காட்டினாள்: ஸிஸி-ஸிஸி-ஸிஸி, கடைசியில் ஒரு சுழிப்பு.

மகள் போனில் பார்த்துச் சொன்னாள், கோல்ட்கிரெஸ்ட் என்று. ஐந்தாறு கிராம். பிரிட்டனிலேயே மிகச் சிறிய பறவை. அதன் குரல் ஏழெட்டு ஆயிரம் ஹெர்ட்ஸ் உயரத்தில் ஒலிக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது அந்த உயரத்தைத்தான். இங்கே பறவை பார்க்கும் முதியவர்கள் ஒரு குளிர்காலத்தில் கோல்ட்கிரெஸ்ட் கேட்கவில்லை என்றால் பறவை குறைந்துவிட்டது என்று நினைப்பதில்லை, தங்களுக்கு வயது கூடிவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்களாம்.

கண்ணில் புரை என்றால் வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வரிசை கிடையாது. வரும்போது காரில் நான் அதிகம் பேசவில்லை.

ஜனவரி 20, திங்கள்

நாள் முழுக்க மழை. கூரைத் தண்ணீர் தவிர வேறு சத்தமில்லை. விடிவதற்கு முன்னால் மட்டும், தூறலிலும், விளக்கடி ராபின். ரசம் வைத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் கணப்படுப்புக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது. இந்த வீட்டில் இப்போது அடுப்பு எரிப்பதில்லை, ஆனால் புகைபோக்கி அப்படியே இருக்கிறது. குனிந்து காதை வைத்தேன். கூ கூஊ கூ, கூ-கூ. புகைபோக்கி உச்சியில் உட்கார்ந்திருந்த காட்டுப்புறா. இங்கே வுட்பிஜன் என்கிறார்கள், நம் மாடப்புறாவைவிட ஒரு சுற்றுப் பெரியது. ஐந்து எழுத்து, இரண்டாவது எழுத்தில் நீட்டல், தொண்டை கட்டிய குரல். முடிக்கும்போது ஒரு ஒற்றைக் "கூ" தொங்கலாக நிற்கும்.

வெளியே வந்தால் எதிர்வீட்டுக் கம்பத்தில் மூன்று எழுத்து: கூ-கூஊ-கு. கூ-கூஊ-கு. நடுவெழுத்து நீளம். புள்ளி, கோடு, புள்ளி. மோர்ஸில் அது ஆங்கில 'ஆர்' எழுத்து. தந்திக்காரர் வழக்கில் அதற்குப் பொருள் "செய்தி கிடைத்தது". கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது என்று அரை மணி நேரம். பொறு, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று பார்த்தால், பின்கழுத்தில் கருப்புப் பட்டை போட்ட நம் கள்ளிப்புறா! கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டு ஓடைக்கரை உடைமரத்தில் மத்தியான வெயிலில் உட்கார்ந்து இதே மூன்று எழுத்தைச் சொல்லுமே, அதே இனம்.

பச்சைக்கிளியை மனிதன் கொண்டுவந்தான். இது தானாகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டில் துருக்கி, பால்கன் பக்கமிருந்து வடமேற்கே நகரத் தொடங்கி, ஐரோப்பாவைக் குறுக்காகக் கடந்து, 1955இல் நார்ஃபோக் கடற்கரையில் முதன்முதலாகக் கூடு கட்டியது. என் வயதையொத்தவர்கள் பிறந்த காலத்தில் இந்தத் தீவில் அது புதுக் குடித்தனம். இன்றைக்கு இந்தக் குரல் இல்லாத ஆங்கிலேயத் தெருவை நினைத்துப் பார்க்க முடியாது என்கிறார் வேலி அம்மாள். அவர் சிறுமியாக இருந்தபோது அது இல்லை என்பதே அவருக்கு நம்பமுடியாமல் இருக்கிறதாம்.

ஜனவரி 22, புதன்

வெயில். முதல் வெயில். கொஞ்சம் வெளிச்சம் கண்டதும் கிரேட் டிட் தொடங்கிவிட்டது: டீச்சர்-டீச்சர்-டீச்சர். ஆங்கிலேயர்களே இப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். நமக்கும் டீச்சர் தமிழ்ச் சொல்தான், சிரமமில்லை. துருப்பிடித்த அடிகுழாயை இறக்கி ஏற்றும் சத்தம் என்றால் கோவில்பட்டிக்காரருக்கு இன்னும் சீக்கிரம் விளங்கும். இதன் நெருங்கிய உறவினர்தான் கொடைக்கானலில் நான் வேலை பார்த்தபோது அலுவலக ஜன்னலில் வந்து தட்டும் சாம்பல் நிறப் பட்டாணிக்குருவி.

நெதர்லாந்தில் லைடன் நகரத்து கிரேட் டிட்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. போக்குவரத்து இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழ்பவை தாழ்ந்த சுரங்களை விட்டுவிட்டு உயர்த்திப் பாடுகின்றன. கார்களின் உறுமல் தாழ்ந்த சுரத்தில் இருப்பதால், அதற்கு மேலே ஏறிக்கொள்கின்றன. பஸ் நிலையத்தில் "மதுரை மதுரை மதுரை" என்று கூவும் நடத்துநர் கண்டுபிடித்த அதே உத்தி.

பேத்தி மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வந்தாள். இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம் இருக்கிறது. கையில் போன், அதில் மெர்லின் செயலி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வகம் உருவாக்கியது. ஒலியைக் கேட்டுப் பெயரைக் காட்டும். நான் முனைப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கையில் அது முந்திக்கொண்டு பெயரைச் சொல்வது, பரீட்சையில் பக்கத்துப் பையன் விடையைக் கத்துவதுபோல் இருந்தது. "முதலில் தாத்தா சொல்கிறேன், பிறகு நீ போனைக் காட்டு" என்று ஒப்பந்தம் போட்டோம்.

ராபின், சரி. சிட்டுக்குருவி, சரி, வேலிப் புதருக்குள் சந்தைக்கடை வைத்திருந்தன, லண்டனில் வெகுவாகக் குறைந்துபோன பிறகும் இந்தத் தெருவில் ஒரு கூட்டம் மிச்சமிருக்கிறது. அடுத்து ஒன்று ஸீ-ஸீ-ஸுஹுஹு என்று சிரித்தது; கிரேட் டிட் என்றேன். தவறு, புளூ டிட். இதன் முன்னோர்கள் வாசலில் வைத்த பால் பாட்டில்களின் மூடிகளைக் கொத்தித் திறந்து ஆடையைக் குடிக்கக் கற்றவர்கள். சவுத்தாம்ப்டன் அருகே ஸ்வேத்லிங்கில் 1921இல் முதலில் கண்டுபிடித்து எழுதிவைத்தார்கள். பிறகு ஒரு பத்துப் பன்னிரண்டு நீள்வால் டிட்கள், வாலில் உடம்பை ஒட்டவைத்த பஞ்சு உருண்டைகள், ஸி-ஸி-ஸி, ட்ரப் என்று ஒருவரையொருவர் அழைத்தபடி மரத்துக்கு மரம் தாவிப்போயின. ஒரு குடும்பத்துச் சொந்தங்கள். இரவில் ஒரே கிளையில் நெருக்கியடித்துத் தூங்கும்.

அப்போது மருமகன் காரைப் பூட்டும் "பீப்-பீப்" கேட்டது. பேத்தி "அப்பா வந்தாச்சு!" என்று ஓடினாள். வாசலில் கார் இல்லை. கூரை ஆன்டெனாவில் ஒரு ஸ்டார்லிங், தொண்டை இறகு சிலிர்க்க, மறுபடியும் காரைப் பூட்டியது. செயலியும் வாயடைத்துப் போயிற்று. அவளுக்கு என் மேல் மதிப்பு கொஞ்சம் உயர்ந்ததாக உணர்ந்தேன், நான் ஒன்றும் செய்யாவிட்டாலும்.

ஜனவரி 23, வியாழன்

விளக்கடி ராபின் பாடவில்லை.

நேற்றும் கேட்ட நினைவில்லை. உடம்பு லண்டன் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, நான்தான் தூங்கியிருப்பேன் என்று இன்று அலாரம் வைத்து நான்கு மணிக்கு எழுந்தேன். ஜன்னலோரம் ஒரு மணி நேரம். ஒன்றுமில்லை. ஒரு வாரமாகத் தினம் லைனில் இருந்த கை. பகலில் வாசல் புதரையும் பார்த்தேன். எதிர்வீட்டில் ஒரு தடித்த பூனை இருக்கிறது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பகல் பதினொன்றுக்கு இன்னொன்று நடந்தது. தோட்டத்தில் எல்லாக் குரலும் ஒருசேர இருந்த நேரம். எங்கிருந்தோ ஸீஈஈ என்று நூல்போல் ஒரு மெல்லிய கீற்று, திசை பிடிபடவில்லை. அந்தக் கணமே அத்தனையும் அடங்கின. ஃபியூஸ் பிடுங்கினதுபோல். வேலியை உரசிக்கொண்டு ஒரு வல்லூறு வகைப் பறவை, ஸ்பாரோஹாக், வழுக்கிப் போனது. கால் மணி நேரத்துக்கு ஒரு குரல் இல்லை. அந்த எச்சரிக்கைக் கீற்று திசை தெரியாமல் ஒலிப்பது தற்செயல் இல்லை. மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் உயர்ந்த ஒலியின் இருப்பிடத்தைக் காதால் கண்டுபிடிப்பது கடினம். கூவியவரும் பிழைக்க வேண்டுமல்லவா? வேறு வேறு இனங்கள் ஏறக்குறைய இதே ஒலியை வைத்திருக்கின்றன, ஒன்று கூவினால் எல்லாம் பதுங்கும்.

சாயங்காலம் நாலரைக்கு பிளாக்பேர்ட். கருப்பு உடம்பு, மஞ்சள் அலகு. அதன் பாட்டுக்காகவே வசந்தத்தில் வர வேண்டும் என்கிறார்கள். இப்போது பாடுவதில்லை, படுக்கப் போகுமுன் புதருக்குப் புதர் சிங்க்-சிங்க்-சிங்க் என்று உளியில் சுத்தியல் போடுகிறது. எனக்கு உன் இடம், உனக்கு என் இடம் என்று பேரம். இருட்டுகிறவரை முடியவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

புயல் நாள். வடக்கே அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கடுமை. இங்கே காற்று மட்டும். குப்பைத் தொட்டிகள் தெருவில் உருண்டன. ஒரு பறவையும் வாய் திறக்காது என்று கதவைச் சாத்தப் போனேன். தெருக்கோடி மரத்தின் உச்சிக் கிளை ஊஞ்சலாடிக்கொண்டிருக்க, அதைப் பற்றிக்கொண்டு ஒன்று பாடியது: மிஸில் திரஷ். பழைய பெயர் ஸ்டார்ம்காக், புயல் சேவல். குறுகிய வரி, நீண்ட இடைவெளி, திறந்த வெளிக்குப் பேசுகிற குரல். அழகான பாட்டு என்று சொல்லமாட்டேன். மனிதர் விஷயத்தில் இதை வீம்பு என்போம்.

வாசலில் இன்றும் மௌனம். வேலி அம்மாளிடம் சொன்னேன். பூனையைக் குற்றம் சொல்வதற்கு முன் பின்தோட்டத்தைக் கவனியுங்கள் என்று மட்டும் சொன்னார். ஒரு சிரிப்பு வேறு.

ஜனவரி 25, சனி

ஜனவரிக் கடைசி வார இறுதியில் இந்த நாடு முழுவதும் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்துப் பறவைகளை எண்ணுகிறார்கள். பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1979இலிருந்து நடத்துகிறது. பேத்தி பென்சில் சீவி வைத்துக் காத்திருந்தாள். விதிகளைப் படித்தாள்: தோட்டத்தில் வந்து இறங்கியதை மட்டும் எண்ண வேண்டும், ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும்.

"கேட்டால்?"

"பார்க்கணும் தாத்தா."

ஒன்பது நாள் படிப்பும் அங்கேயே செல்லாக்காசு. ஆனால் அரை மணியில் எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு "இடது வேலி, புளூ டிட்" என்பேன், அவள் அங்கே பார்த்து "இரண்டு!" என்பாள். "கடலைக் குழாய், கிரேட் டிட்." "ஒன்று." "புதரடியில் டன்னாக். ரென்போலவே வேகம், ஆனால் அந்த உருட்டு இல்லாமல் சப்பென்று நிற்கும்." "எங்கே… ஆமாம், ஒன்று!" கூரை மேல் கூச்சலிட்டுப் போன பச்சைக்கிளிகள் இறங்கவில்லை, கணக்கில் இல்லை. ஊசியிலைப் பக்கம் அவள் திடீரெனக் கையைத் தூக்கினாள். நான் கேட்காததை அவள் கேட்கிறாள் என்று தெரிந்தது. கோல்ட்கிரெஸ்ட் வெளியே வரவில்லை. அதுவும் கணக்கில் இல்லை.

ஒன்பதே முக்காலுக்குப் பின்தோட்டத்து ராபின் மண்வெட்டிக் கைப்பிடியில் வந்து உட்கார்ந்து ஒரு வரி பாடியது. அதன் கை எனக்குத் தெரியும். வரியை உயரத்தில் தொடங்கும். "ராபின் ஒன்று" என்றாள் பேத்தி. புதரடியிலிருந்து இன்னொரு ராபின் தத்தி வந்தது. நான் சண்டைக்குத் தயாரானேன். ஒரு வாரமாக எல்லைக்காக இரவும் பகலும் பாடியவர்கள்; நேரில் கண்டால் இறகைப் பிய்த்துக்கொள்ளும் ஜாதி. சண்டை வரவில்லை. இரண்டாவது ராபின் புல்லில் எதையோ கொத்தியது. முதலாவது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

வேலி அம்மாள் சிரித்தது இதற்குத்தான். இந்தப் பனிக்குள்ளேயே, ஜனவரியிலேயே, பெண் ராபின் தன் தோட்டத்தை விட்டுவிட்டு ஆணின் தோட்டத்துக்கு வந்து சேரும். வந்த பிறகு பாடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், வந்திருப்பது வாசல் விளக்கடி ராபின்தான் என்று சொல்ல என்னிடம் அத்தாட்சி இல்லை. டேவிட் லாக்காக இருந்தால் வளையம் மாட்டியிருப்பார். எதிர்வீட்டுப் பூனையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"ராபின் இரண்டு" என்று அழித்து எழுதினாள். பத்து மணி. பென்சிலைக் கீழே வைத்ததும் விறகுக் குவியலிலிருந்து ரென், நடு உருட்டோடு, ஐந்து வினாடி முழுசாகக் கொட்டியது.

"தாத்தா, நேரம் முடிஞ்சிடுச்சு" என்றாள். தாளில் சேர்க்க மறுத்துவிட்டாள். என் நோட்டை வாங்கி, இன்றைய தேதிக்குக் கீழே கோணல் தமிழில் தானே எழுதினாள்: ரென் 1, கோல்ட்கிரெஸ்ட் 1. இரண்டாவதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள்.